நகரும் நாற்காலி, நழுவும் கட்டில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் தரையைத் துடைப்பது பற்றி எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், துடைத்துப் பளபளப்பாக்கிய தரையில் சாமான்கள் இருந்த இடத்தில் இருப்பதில்லை என்ற முறையீட்டையே கொண்டிருந்தன. கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்தவற்றில் ஆறு கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வழக்கம்போலத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறோம். கூடம் முழுவதும் விட்ரிஃபைட் டைல்ஸ். மூன்று பேர் அமரும் சோபா, யாராவது உட்காரும்போதெல்லாம் சுவரை நோக்கி நகர்ந்து, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டது. ஹார்டுவேர் கடையில் வட்டமான ஃபெல்ட் ஸ்டிக்கர்கள் கொடுத்தார்கள். ஒட்டிய பிறகு முன்னைவிட அதிகமாக நகர்கிறது. ஸ்டிக்கர் தரமற்றதா? (வாசகி, மஞ்சக்குப்பம்)

பதில்: ஸ்டிக்கர் தரமானதுதான் அம்மா, அதனால்தான் நன்றாக நகர்கிறது. ஃபெல்ட் என்பது கம்பளி போன்ற இழைகளை அழுத்திச் செய்த பொருள். மரச்சாமானைத் தரையில் கீறல் விழாமலும் சத்தம் வராமலும் இழுப்பதற்காகவே அதைக் காலில் ஒட்டுகிறார்கள். சாப்பாட்டு மேசையைச் சுற்றியுள்ள நாற்காலிகளுக்கு அது மிகவும் ஏற்றது, ஏனெனில் அவற்றை நாளுக்குப் பத்து முறை பின்னுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. சோபாவுக்கு வேண்டியது நேர் எதிரானது. கடையில் "தரைக்கு ஒட்டுவது வேண்டும்" என்று கேட்டால் எந்த ஸ்டிக்கரையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். "நகராமல் இருக்க ரப்பர் வேண்டும்" என்று கேட்க வேண்டும்.

நாம் உட்காரும் விதத்தைச் சற்றுக் கவனித்தால் சோபா ஏன் பின்னால் போகிறது என்பது விளங்கும். உடலின் முழு எடையும் இருக்கையில் இறங்குவதற்கு முன்பே முதுகு சாய்மானத்தைத் தள்ளிவிடுகிறது. அந்த ஒரு நொடியில் சோபாவைத் தரையோடு பிடித்து வைத்திருப்பது அதன் சொந்த எடை மட்டுமே. உங்கள் சோபா 45 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் காலடியில் கடினமான பிளாஸ்டிக் குமிழ் இருந்து, அதன் உராய்வுக் கெழு (நகர்த்தத் தேவைப்படும் தள்ளலை எடையால் வகுத்தால் வரும் எண்) 0.2 ஆக இருந்தால், ஒன்பது கிலோ அளவுக்குத் தள்ளினாலே அது நகர்ந்துவிடும். அதே சோபாவின் காலில் நல்ல ரப்பர் இருந்து, தரையும் உலர்ந்து சுத்தமாக இருந்து, கெழு 0.6-க்கு உயர்ந்தால், 27 கிலோ அளவுக்குத் தள்ள வேண்டும். சாதாரணமாக உட்காருபவர் எவரும் அவ்வளவு தள்ளுவதில்லை. பயணப் பெட்டியை எடை போடும் தொங்கு தராசு வீட்டில் இருந்தால் நீங்களே இதைச் சோதிக்கலாம். சோபாவின் கால் ஒன்றில் கயிற்றைக் கட்டி, தராசை அதில் மாட்டி, தரைக்கு இணையாக மெல்ல இழுத்து, நகரத் தொடங்கும்போது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரப்பர் போட்டபின் மீண்டும் இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்லையோ என் சொல்லையோ நம்ப வேண்டிய தேவை அப்போது இருக்காது.

இனி ரப்பரை எப்படிப் போடுவது என்று பார்ப்போம். முதலில் சோபாவைக் கவிழ்த்து, ஃபெல்ட்டை உரித்து, மிச்சமிருக்கும் பசையை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். காலடி மரமாக இருந்தால், மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர் ஷீட்டைக் காலின் அளவுக்கு வெட்டி, பஞ்சர் கடைகளில் பயன்படுத்தும் ரப்பர் சொல்யூஷனை இரு பக்கமும் தடவி, சிறிது உலரவிட்டு, அழுத்தி ஒட்டி, ஓர் இரவு கவிழ்த்தபடியே விட்டுவிடுங்கள். ஸ்டிக்கராகக் கிடைக்கும் ரப்பர் வட்டங்கள் சித்திரை, வைகாசி வெயிலில் பசை இளகி, சோபாவின் எடையால் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் பிதுங்கி வெளியே வந்துவிடுகின்றன. என் வீட்டில் இரண்டு கோடைகளைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. திருகாணியால் பொருத்துவதானால் ஆணியின் தலை ரப்பருக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். ரப்பர் தேய்ந்து தலை வெளியே தெரிந்தால் டைல்ஸில் விழும் கோட்டை எந்தப் பாலிஷும் அழிக்காது. சோபாவின் நடுவில் ஐந்தாவது அல்லது ஆறாவது கால் இருந்தால் அதற்கும் அதே கனத்தில் ரப்பர் போடுங்கள்; மறந்தால் நடுக்கால் தரையைத் தொடாமல் தொங்கி, சட்டம் வளையத் தொடங்கும்.

அகலமான ரப்பர் நல்லதா, சிறியதே போதுமா என்ற ஐயம் எழலாம். உராய்வு என்பது அழுத்தும் எடையைப் பொறுத்ததே தவிரத் தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்று பிரெஞ்சு நாட்டவரான கியோம் அமோன்தோன் 1699-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். பள்ளிப் பாடத்திலும் அதைத்தான் படித்தோம். ஆனால் ரப்பர் அந்த விதிக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. அது மென்மையாக நசுங்கித் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து பிடிக்கிறது. ஒரே இடத்தில் எடை குவியக் குவிய, கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கில் அதன் பிடி குறைகிறது. ஆகவே காலின் அடிப்பரப்பு முழுவதையும் மூடும்படி வெட்டுவதே சரி; நடுவில் ஒரு சிறு பொட்டை மட்டும் ஒட்டிவிட்டு ரப்பர் பிடிக்கவில்லை என்று சொல்லக் கூடாது.

இவ்வளவு செய்த பிறகும் நகர்ந்தால் குற்றம் தரையில் இருக்கிறது. வாளியில் ஃபினாயிலையோ தரை துடைக்கும் திரவத்தையோ கண்ணளவாக ஊற்றித் துடைத்தால், உலர்ந்தபின் கண்ணுக்குத் தெரியாத ஒரு சோப்புப் படலம் டைல்ஸின் மேல் தங்கிவிடும். ரப்பர் அப்போது தரையைத் தொடுவதில்லை, அந்தப் படலத்தைத்தான் தொடுகிறது. பாட்டிலில் குறிப்பிட்ட அளவை மட்டும் கலந்து துடைத்து, அதன்பின் வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்து, சோபா நிற்கும் இடத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ரப்பரின் அடியில் ஒட்டிய தூசியையும் மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் சன்னலைத் திறந்தால் மெல்லிய மணல் உள்ளே வருவது உங்களுக்குத் தெரியாததன்று. ரப்பருக்கும் டைல்ஸுக்கும் இடையில் சிக்கும் மணல், சிறு உருளைகளைப் போல வேலை செய்யும்.

கேள்வி: என் தாயாருக்கு 78 வயது. கைப்பிடி உள்ள மர நாற்காலியில் அமர்ந்திருப்பார். எழுந்திருக்கும்போது நாற்காலி பின்னால் சறுக்கி இருமுறை விழப் பார்த்தார். நாற்காலிக்கு அடியில் சிறு கம்பளம் போட்டிருக்கிறோம். வேறு என்ன செய்யலாம்? (வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: இதழில் இந்தப் பதிலை வேறு எதற்கும் முன்பு படித்துச் செயல்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இங்கே சேதமடையக் கூடியது சுவர் பெயின்ட் அன்று, இடுப்பு எலும்பு.

இன்றே அந்தக் கம்பளத்தை எடுத்துவிடுங்கள். அடியில் ரப்பர் இல்லாத கம்பளம் டைல்ஸின் மேல் ஒரு சறுக்குப் பலகைதான். நாற்காலியைச் சேர்த்துக்கொண்டு அதுவும் நகரும். போதாக்குறைக்கு அதன் ஓரம் முதியவரின் கால் விரலில் தடுக்கும். எடுத்தபின் நாற்காலியின் முதுகைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். பின்னால் போக இடமே இல்லாத நாற்காலி எப்படிச் சறுக்கும்? சுவரில் கீறல் விழாமல் இருக்க, சாய்மானத்தின் பின்புறம் இரண்டு ரப்பர் துண்டுகளை ஒட்டினால் போதும். கூடத்தின் நடுவில் அமர்ந்து தொலைக்காட்சி பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தால், தொலைக்காட்சியின் திசையை மாற்றுவது அவருடைய பழக்கத்தை மாற்றுவதைவிட எளிது.

பிறகு நாற்காலியின் கால்களுக்கு ரப்பர் புஷ், அதாவது கால் நுனியில் மாட்டும் ரப்பர் உறை, போடுங்கள். நூலைக் காலைச் சுற்றிப் பிடித்து அளந்து, அந்த நூலையே கடைக்குக் கொண்டு செல்லுங்கள். புஷ் சற்று இறுக்கமாகவே இருக்க வேண்டும். தளர்ந்த புஷ்ஷுக்குள் கால் அசைந்து அசைந்து, ஒரு நாள் அடியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இறுக்கமான புஷ்ஷைப் போடுவதற்குச் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள், உள்ளே தங்கும் சோப்பு பின்னர் புஷ் கழல்வதற்கு வழி செய்யும். வெந்நீரில் சில நிமிடம் போட்டால் ரப்பர் இளகித் தானாகவே ஏறும். ஊன்றுகோலுக்கு விற்கும் புஷ்ஷில் அடியில் ஓர் இரும்பு வாஷர் பதித்திருப்பார்கள். மருந்துக் கடையில் அந்த வகை நாற்காலிக் காலின் அளவுக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். தாயார் ஊன்றுகோல் பயன்படுத்துபவரானால் அதன் புஷ்ஷையும் திருப்பிப் பாருங்கள். அடியிலுள்ள வளையக் கோடுகள் தேய்ந்து மழுங்கியிருந்தால் அதையும் அன்றே மாற்ற வேண்டும்.

நாற்காலி நின்றாலும் கால் வழுக்கினால் பயனில்லை. எழுந்திருப்பவர் இரு பாதங்களையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைத்து, கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்தி எழ வேண்டும். பாதங்களை முன்னே நீட்டியபடி எழ முயன்றால் உடல் நாற்காலியைப் பின்னால்தான் உதைக்கும். இருக்கை மிகத் தாழ்வாக இருந்தாலும் இதே தொல்லைதான். அமர்ந்த நிலையில் தொடை தரைக்கு இணையாகவோ சற்று மேலிருந்து கீழாகச் சரிந்தோ இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் மெத்தையை உயர்த்தலாம். கால்களுக்கு அடியில் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்து உயர்த்துவது மட்டும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரே ஆண்டில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் கால் விரிந்து உடைந்துவிட்டன. மொட்டை மாடியில் போட்டவை பல ஆண்டுகளாக உழைக்கின்றன. டைல்ஸ் போட்ட அறையில் போட்டவைதான் உடைகின்றன. வெயிலில் கிடப்பதல்லவா முதலில் உடைய வேண்டும்? (வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். வெயில் பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்யும் என்பது உண்மைதான். ஆயினும் மொட்டை மாடியின் சொரசொரப்பான தளம் நாற்காலியின் கால்களை விரிய விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஒரே அச்சில் வார்த்த இந்த நாற்காலிகளின் கால்கள், ஒருவர் அமர்ந்தவுடன் சற்று வெளிப்புறமாக வளையும்படி அமைந்தவை. தரை பிடித்தால் அந்த வளைவு அங்கேயே நிற்கும். பளபளப்பான டைல்ஸில் பிடிப்பதற்கு எதுவும் இல்லாததால், கால்கள் விரிந்துகொண்டே போய், இருக்கையோடு சேரும் மூலையில் விரிசல் விடுகின்றன. பின்னங்கால்களில் சாய்ந்து ஆடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது இன்னும் விரைவில் நடக்கும்.

இவற்றின் கால் வளைந்த தகடு போல இருப்பதால் வட்டப் புஷ் பொருந்தாது. பழைய ஹவாய் செருப்பை வெட்டிக் காலின் பள்ளத்துக்குள் இறுகச் செருகுவார்கள். நான்கு கால்களிலும் ஒரே கனமாக இருந்து, சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது நன்றாகவே பிடிக்கும். பரண் மேலிருந்து பாத்திரம் எடுக்க இந்த நாற்காலியின் மேல் ஏறி நிற்பதை மட்டும் டைல்ஸ் போட்ட அறையில் அறவே தவிர்த்துவிடுங்கள், செருப்புத் துண்டு செருகியிருந்தாலும் சரி.

கேள்வி: முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் துணி பிழியும்போது அரை அடி முன்னே வந்துவிடுகிறது. அடியில் ரப்பர் பாய் போட்டும் நிற்கவில்லை. (வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: பிழியும்போது அதன் உருளை நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கும் மேல் சுற்றுகிறது. நான்கு கால்களில் ஒன்று தரையில் சரியாக ஊன்றாமல் இருந்தாலே மெஷின் குதித்துக் குதித்து நடக்கும். பாய் போட்டால் குதிப்பது குறையாது. மெஷினின் மேல் மூலைகளை மாறி மாறிக் கையால் அழுத்தி, எந்த மூலை ஆடுகிறது என்று கண்டுபிடித்து, அந்தக் காலின் திருகைச் சுற்றி இறக்குங்கள். ரசமட்டம் இருந்தால் மேலே வைத்துப் பாருங்கள். பிறகு காலில் உள்ள பூட்டு நட்டை மெஷினின் அடித்தகட்டோடு இறுக்குங்கள். பலரும் இந்த நட்டை விட்டுவிடுவதால்தான் சில வாரங்களில் கால் மீண்டும் தளர்கிறது. மெஷின் புதியது என்றால், பின்புறம் உருளையைப் பிடித்து வைக்கும் போக்குவரத்து போல்ட்டுகள் கழற்றப்பட்டனவா என்று பாருங்கள். அவற்றோடு ஓட்டினால் மெஷின் நகர்வது மட்டுமின்றிப் பழுதும் ஆகும். ஒற்றை ஜமக்காளத்தைத் தனியாகப் போட்டுப் பிழியாதீர்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தால், கேள்விக்குப் பதில் அந்த ஸ்டாண்டுதான்.

கேள்வி: எங்களுடையது சிவப்பு ஆக்சைடு தரை போட்ட பழைய வீடு. தேக்குக் கட்டில் நகராமல் இருக்கக் கறுப்பு ரப்பர் வைத்தோம். ஒரு வருடம் கழித்து எடுத்தபோது தரையில் நான்கு கறுப்பு வட்டங்கள். தேய்த்தும் போகவில்லை. ஆசிட் ஊற்றலாமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: ஆசிட் வேண்டாம். அந்தத் தரை சிமென்ட்டில் இரும்பு ஆக்சைடு நிறத்தைக் கலந்து, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. ஆசிட் பட்டால் கறுப்போடு மெருகும் போய், நான்கு கறுப்பு வட்டங்களுக்குப் பதிலாக நான்கு வெளிறிய வட்டங்கள் கிடைக்கும். கறுப்பு ரப்பர் விரைவில் கெடாமல் இருப்பதற்காகச் சேர்க்கும் இரசாயனங்கள் மெல்லக் கசிந்து தரைக்குள் இறங்குவதே இந்தக் கறைக்குக் காரணம். மார்பிளிலும் இது நேரும். வினைல் ஒட்டிய தரையில் விழுந்தால் போகவே போகாது. சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, ஓர் இரவு விட்டு, மென்மையான துணியால் தேய்த்துப் பாருங்கள். சற்று மங்கினால் அதுவே வெற்றி. மிச்சமிருப்பது கட்டிலுக்கு அடியில்தானே இருக்கிறது.

இனிமேல் கறுப்பு ரப்பருக்குப் பதிலாக, ஒளி ஊடுருவும் சிலிகான் வட்டங்களைப் பயன்படுத்துங்கள். அவற்றால் இப்படிப்பட்ட கறை விழுவதில்லை. பிடி குறைந்தால் கழுவி உலர்த்தி மீண்டும் வைக்கலாம். இத்தகைய தரைகளில் மெருகுக்காகத் தேங்காய் எண்ணெயோ மெழுகோ தேய்க்கும் வழக்கம் உண்டு. உங்கள் வீட்டிலும் உண்டானால் கட்டில் கால் நிற்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஈரக் காற்று குளிர்ந்த தரையில் பட்டுத் தரை வியர்ப்பதையும் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்களில் எந்த ரப்பரும் சற்று வழுக்கத்தான் செய்யும். அது ரப்பரின் குற்றமன்று.

எங்கள் வீட்டிலும் ஒரு கனத்த கட்டில் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கரை கடந்த தானே புயலில் பண்ருட்டியில் உறவினர் தோட்டத்துப் பலா மரம் சாய்ந்தது. அதை அறுத்துச் செய்த கட்டில் அது. இரண்டு ஆட்கள் சேர்ந்தாலும் தூக்கச் சிரமமான அந்தக் கட்டிலுக்கு நாங்கள் ரப்பரே வைத்ததில்லை, அது நகர்ந்ததும் இல்லை. உங்கள் தேக்குக் கட்டிலும் அப்படிப்பட்டதானால், அது உண்மையிலேயே நகர்கிறதா, அல்லது நகர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் ரப்பர் வைத்தீர்களா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: ரப்பர், புஷ், ஸ்டிக்கர் எல்லாம் வைத்துச் சலித்துவிட்டோம். சிலிகான் சீலன்ட் கொண்டு கட்டில் கால்களைத் தரையோடு ஒட்டிவிடலாம் என்கிறார் தச்சர். ஒட்டலாமா? (வாசகி, தேவனாம்பட்டினம்)

பதில்: ஒட்டினால் நிற்கும்; தச்சர் சொல்வதில் பிழையில்லை. ஆனால் கடலோரத்தில் இருக்கும் உங்கள் முகவரியைப் பார்த்தபின் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது, மெத்தையை மேலே ஏற்றிவிட்டுக் கட்டிலைச் செங்கல்லின் மேல் தூக்கி வைக்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கத்தியை வைத்துக்கொண்டு நான்கு கால்களிலும் சீலன்ட்டை அறுத்துக்கொண்டிருக்க முடியாது. தலைமாட்டைச் சுவரோடு சேர்த்து வைத்து, கால்மாட்டுப் பக்கத்து இரண்டு கால்களுக்கு மட்டும், கால் உள்ளே அமரும்படி குழிவாக இருக்கும் சிலிகான் கிண்ணங்களை வையுங்கள். கிண்ணத்தைத் தரையோடு ஒட்டாமல் வெறுமனே வையுங்கள்.